வீட்டுக் கணக்கின் சரித்திரம்

பெரிய நஷ்டத்தால் குடும்பம் கெடுவதைக் காட்டிலும், சிறு செலவுகளால் கெடுவதே உலகத்தில் அதிகம். ஏரிக்கரையை உடைத்துக்கொண்டு வெள்ளம் புறப்படும்போது ஊரார் அனைவரும் மண்வெட்டியும் கூடையுமாய் ஓடிவந்து தடுப்பர். நண்டு வளையின் வழியே இரவும் பகலும் கசியும் நீரை ஒருவரும் பாரார். வியாபாரத்தில் நஷ்டம் வந்தால் வீட்டார் விழித்துக்கொள்ளுகின்றனர், கடைவீதியில் கண்டதைக் கண்டவுடன் வாங்கிவந்து, மாதக் கடைசியில் “பணம் எங்கே போயிற்று?” என்று ஒருவரையொருவர் வினவும்போது மட்டும் விடை சொல்வாரில்லை.

முன்னரே எண்ணிப் பார்த்து, இன்னது வேண்டுமென்று தீர்மானித்துச் சென்று வாங்குவது ஒருவகை. வேறு காரியமாகப் போன இடத்தில் கண் பட்டதும் மனம் பற்றி, மனம் பற்றியதும் கை அவிழ்ந்து, வாங்கி வீடு வந்து சேர்ந்தபின் “இஃது ஏன்?” என்று தானே வருந்துவது மற்றொரு வகை. இந்த இரண்டாம் வகைச் செலவை அடக்குவது எங்ஙனம் என்பதே நாம் இங்கு ஆராயப் புகுந்த விஷயம். சிக்கனத்தைப் பற்றி உபதேசம் செய்தவர் அநேகர். தம்முடைய தோல்விகளை நாள்தோறும் தேதியிட்டு எழுதி வைத்தவர் வெகு சிலர். அத்தகைய ஒருவருடைய சரித்திரத்தையும், அவர் விட்ட குறையை வேறொரு தேசத்தில் நிரப்பிய ஓர் அம்மையாரின் சரித்திரத்தையும் நம் சங்கத்துக் குடும்பத்தார் அறிந்துகொள்வது பயன் தருமென்று நம்புகிறோம்.

சாமுவேல் பீப்ஸ்

இலண்டன் நகரத்தில் ஒரு தையற்காரருடைய குமாரராக 1633-ஆம் வருஷம் பிறந்தவர் சாமுவேல் பீப்ஸ் என்பவர். கேம்பிரிட்ஜில் கல்வி பயின்று, 1655-இல் எலிசபெத் என்னும் மாதை மணந்து, உறவினராகிய ஒரு பிரபுவின் ஆதரவால் 1660-ஆம் வருஷம் ஆங்கிலக் கடற்படை அலுவலகத்தில் உத்தியோகம் பெற்றார். வருஷச் சம்பளம் 350 பவுன். அவ்வருஷம் ஜனவரி மாதம் முதல் தேதியில் தொடங்கி 1669-ஆம் வருஷம் மே மாதம் 31-ஆம் தேதி வரையில், பிறர் எளிதிற் படிக்கவொண்ணாத சுருக்கெழுத்தில், நாட்குறிப்பு எழுதிவந்தார். அந்நூல் அவர் காலஞ்சென்று நூறாண்டுக்கு மேற்பட்டு, 1825-ஆம் வருஷத்தில்தான் முதன்முதல் அச்சேறியது. பிறர் பார்க்க எழுதாதபடியால், அதிலே அவர் தம்முடைய பலவீனத்தை மறைக்கவில்லை.

அவர் உத்தியோகம் ஏற்ற காலம் எத்தகையதென்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். 1642 முதல் மூடிக்கிடந்த இலண்டன் நாடகசாலைகள், 1660-இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் அரியணை ஏறியதும் மீண்டும் திறக்கப்பட்டன. அரசவையில் எழுந்த புதுப் புது உடை நாகரிகங்கள் நகரத்தார் யாவரையும் பற்றிக்கொண்டன. ஏழ்மையிலிருந்து மேலேறிவரும் இளைஞர் ஒருவருக்கு இவை எவ்வளவு பெரிய சோதனையென்று சொல்லவேண்டுவதில்லை. புதிதாய்ப் பணம் காண்கின்ற எந்தச் சமூகத்துக்கும் வருகிற சோதனையே அது.

பீப்ஸ் மாதந்தோறும் கணக்கு முடித்துப் பார்க்கும் வழக்கமுடையவர். கடன் நீங்கலாகத் தம் கையிருப்பு இவ்வளவென்று கண்டு, ஏறியிருந்தால் கடவுளுக்கு வந்தனம் கூறுவார்; இறங்கியிருந்தால் வருந்துவார். 1661-ஆம் வருஷம் முடிவில் தமக்கு ஏறக்குறைய 500 பவுன் பொருளிருப்பதாக எழுதியவர், அதே நாளில் நாடகத்தையும் மதுவையும் விலக்குவதாகப் பிரதிக்கினை செய்துகொண்டதையும் எழுதியிருக்கிறார். 1662-ஆம் வருஷம் மார்ச்சு மாதத் தொடக்கத்தில் செலவைப் பற்றிய விதிகளைத் தனியே எழுதி, அவற்றை மீறினால் இவ்வளவு தண்டம் என்றும் குறித்து, கடவுள்முன் ஆணையிட்டுக்கொண்டார். தண்டப்பணம் ஏழைகளின் உண்டியலுக்குச் சேரும். எழுதிய பிரதிக்கினைப் பத்திரத்தை ஞாயிற்றுக்கிழமைதோறும் எடுத்துப் படிக்கவேண்டுமென்பதும் அவ்விதிகளிலேயே அடங்கும்.

இந்த ஏற்பாட்டின் நுட்பம் யாதெனின், ஆசை எழும் நேரத்தில் மனத்தோடு போராடுவதை அவர் நம்பவில்லை. மனம் தெளிந்திருக்கும் வேளையில் விதி செய்துவைத்து, மனம் கலங்கும் வேளையில் அவ்விதிக்குக் கீழ்ப்படியக் கருதினார். குடிக்கிறவன் குடித்தபின் அளவு பேசுவதில் பயனில்லை. கடைக்குள் நுழைந்தவன் உள்ளே நின்றுகொண்டு சிக்கனம் பேசுவதும் அத்தகையதே.

தோல்விகளின் பட்டியல்

விதிகள் எழுதியதனால் பீப்ஸ் உடனே திருந்திவிட்டாரென்று யாரும் எண்ண வேண்டா. 1662-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி, ஊரெல்லாம் புகழ்ந்த ‘ஹுடிப்ராஸ்’ என்னும் பரிகாசக் காவியத்தை 2 ஷில்லிங் 6 பென்ஸ் கொடுத்து, அதாவது 30 பென்ஸுக்கு, வாங்கினார். படித்துப் பார்த்தார், பிடிக்கவில்லை. அன்றைக்கே நண்பர் ஒருவருக்கு 18 பென்ஸுக்கு விற்றுவிட்டார். காலையில் வாங்கிய பொருளில் மாலைக்குள் 12 பென்ஸ் நஷ்டம். இதோடு நின்றதா? 1663-ஆம் வருஷம் பிப்ரவரி 6-ஆம் தேதி, உலகமெல்லாம் மெச்சுகின்ற நூலைத் தாம் மட்டும் வெறுப்பது தம்முடைய குறையாயிருக்கலாமென்று கருதி, அதே நூலை மறுபடியும் விலைக்கு வாங்கினார்! பிறர் வைத்திருப்பதைத் தாமும் வைத்திருக்க வேண்டுமென்னும் எண்ணம் கற்றறிந்த மனிதரையும் எவ்வாறு ஆட்டுகிறதென்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் கிடைப்பதரிது.

அடுத்தது 1663-ஆம் வருஷம் அக்டோபர் மாதக் கணக்கு. சென்ற மாதம் 760 பவுனாயிருந்த கையிருப்பு 717 பவுனாகக் குறைந்துவிட்டது. 43 பவுன் இறக்கம். காரணத்தை அவரே வரிசையாக எழுதுகிறார்: வெல்வெட் மேலங்கி ஒன்று, கறுப்பு உடைகள் இரண்டு, பொற்பொத்தான் வைத்த அங்கி ஒன்று, புதுத் தொப்பி, பட்டுக் காலணிகலம், பொய்ம்மயிர்க் குல்லாய்கள் இரண்டு. குல்லாய்களில் ஒன்றின் விலை 3 பவுன், மற்றொன்று 40 ஷில்லிங், அதாவது 2 பவுன். அவ்விரண்டையும் அணிந்துகொள்ள அவர் இன்னும் தொடங்கவேயில்லை. தம் அந்தஸ்துக்குத் தக்கபடி இனி நடமாடவேண்டுமென்பது அவர் சொல்லும் நியாயம். இவ்வளவும் வாங்கியாகிவிட்டபடியால் இனி நெடுங்காலம் செலவிராது என்றும் தம்மைத் தேற்றிக்கொள்ளுகிறார். அந்தஸ்தென்னும் நியாயமும், “இதோடு சரி” என்னும் தேறுதலும் நம் வீடுகளிலும் நாம் அடிக்கடி கேட்பவை அல்லவா?

மூன்றாவது நிகழ்ச்சி இன்னும் வேடிக்கையானது. 1664-ஆம் வருஷம் ஆகஸ்டு 13-ஆம் தேதி பீப்ஸுக்கு நாடகம் பார்க்கும் ஆசை மிகுந்தது. பிரதிக்கினையோ குறுக்கே நின்றது. தம்முடன் உணவருந்திய கிரீட் என்னும் நண்பருக்குத் தாமே பணத்தைக் கடனாகக் கொடுத்து, அவர் தம்மையும் தம் மனைவியையும் நாடகத்துக்கு அழைத்துச் செல்லும்படி செய்தார். செலவு நண்பருடையது, ஆதலால் விரதம் கெடவில்லையாம்! ஆயினும் அன்றைய குறிப்பிலேயே இஃது ஒரு போலி நியாயமென்றும், இனி ஒருபோதும் இவ்வாறு செய்வதில்லையென்றும் எழுதிவைத்தார். பிறரை ஏமாற்றுகிறவனுக்கு எதிரில் சாட்சி உண்டு. தன்னைத் தானே ஏமாற்றுகிறவனுக்குத் தான் எழுதிய கணக்கைத் தவிர வேறு சாட்சி இல்லை. பீப்ஸுடைய பெருமை அவர் வழுவாதிருந்ததில் இல்லை. வழுவியதை வழுவியதென்றே எழுதியதில் இருக்கிறது.

பலன் என்ன? 1662-ஆம் வருஷ முடிவில் 650 பவுன், 1663-இல் 800-க்கு மேல், 1664-இல் 1,349. இவ்வளவும் சிக்கனத்தால் மட்டும் சேர்ந்ததென்று நாம் சொல்லமாட்டோம். அக்காலத்து உத்தியோகஸ்தர் வழக்கப்படி சம்பளத்துக்குப் புறம்பாக அவருக்கு வந்த வெகுமதிகள் பல. 1665-இல் அவருடைய பொருள் 4,400 பவுனாகப் பெருகியதற்கு யுத்தகாலத்து வருமானமே முக்கிய காரணம். ஆனால், வருமானம் பெருகும்போதெல்லாம் அதனோடு போட்டியிட்டு ஓடும் செலவை அவருடைய கணக்கும் பிரதிக்கினையும் பின்னே இழுத்து நிறுத்தின. இல்லையேல், எத்தனை வெகுமதி வந்தும் பொய்ம்மயிர்க் குல்லாய்க்கே சரியாயிருக்கும்.

மனைவியின் கணக்கு

இதுவரை அவரைப் பாராட்டினோம். இனி அவருடைய பெருங்குறையைக் கூறாது விடின் சரித்திரம் முழுமையாகாது. மேலே கண்ட 1663-ஆம் வருஷத்துக் கணக்கில், உடைக்காகத் தமக்குச் செலவிட்டது ஏறக்குறைய 55 பவுன்; மனைவிக்குச் செலவிட்டது ஏறக்குறைய 12 பவுன். தம்முடைய செலவுக்குத் தாமே விதி எழுதி, தாமே தண்டம் விதித்து, தாமே மன்னித்துக்கொண்டவர், மனைவியின் சமையற்கட்டுக் கணக்கை மட்டும் தணிக்கைக்காரரைப் போலச் சோதித்தார்.

1664-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் அக்கணக்கைப் பார்த்தபோது, ஒரு தொகை இடித்தால் வேறு பொருள்களின் விலையிற் சிறிது கூட்டி எழுதிச் சரிக்கட்டுவதாக அவ்வம்மையார் ஒப்புக்கொண்டார். பீப்ஸ் கோபித்தார். அம்மையாரும் சளைக்காமல், தமக்கொரு கழுத்து மாலை வாங்க வீட்டுச் செலவிலிருந்தே பணம் மிச்சம் பிடிக்கப் போவதாகக் கூறிவிட்டார். 1665-ஆம் வருஷம் பிப்ரவரி மாதக் கடைசியில் மறுபடியும் சோதனை. 7 ஷில்லிங் குறைந்தது. அந்த 7 ஷில்லிங்குக்காகப் பெருஞ்சண்டை மூண்டது. மனைவியைப் பிச்சைக்காரியென்றும், அவள் பிறந்த வீட்டாரைத் தாழ்த்தியும் பேசியதாக அவரே எழுதி, இத்தனை அற்பக் காரியத்துக்கு அவ்வளவு கோபங்கொண்டது தவறென்றும் ஒப்புக்கொள்ளுகிறார். ஒரே மாதத்தில் குல்லாய்க்கு 5 பவுன், அதாவது 100 ஷில்லிங், கொடுத்த கை அது.

எலிசபெத் அம்மையார் கணக்கைத் திருத்தியது ஏன் என்று நாம் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். அவருக்குத் தமக்கென்று ஒரு பங்கில்லை. விதியைச் செய்தவர் கணவரே. தான் கலந்துகொள்ளாத விதிக்கு ஒருவர் அஞ்சலாம். மனமொப்பிக் கீழ்ப்படிதல் இயலாது. அச்சமுள்ள இடத்தில் கணக்குப் பொய்யாகிறது. பொய்க் கணக்கினும் கணக்கின்மையே நன்று. ஏனெனில், கணக்கில்லாதவனுக்குத் தன் நிலைமை தெரியாதென்பதாவது தெரியும். 1666-ஆம் வருஷத்தில் பீப்ஸ் தம் மனைவிக்கு ஏறக்குறைய 80 பவுன் விலையில் முத்துமாலை ஒன்று வாங்கித் தந்தார். 1669-ஆம் வருஷம் நவம்பர் மாதம் அவ்வம்மையார் தம் 29-ஆம் வயதிலே காலமானார். அவர் எழுதிய சமையற்கட்டுக் கணக்கைப் பற்றி இன்று நாம் அறிவதெல்லாம் கணவர் கோபித்துக்கொண்ட நாட்களின் வழியாகவே.

ஹானி மோட்டோக்கோ அம்மையார்

பீப்ஸ் விட்ட இக்குறையை நிரப்பியவரைக் காண நாம் இரண்டரை நூற்றாண்டு கடந்து ஜப்பான் தேசத்துக்குச் செல்ல வேண்டும். அத்தேசத்தின் வடபகுதியிலுள்ள ஹச்சினோஹே என்னும் ஊரில் 1873-ஆம் வருஷம் பிறந்தவர் ஹானி மோட்டோக்கோ அம்மையார். தோக்கியோவிற் கல்வி பயின்று, ஒரு பத்திரிகையில் அச்சுப்பிழை திருத்துபவராக அமர்ந்து, பின்னர் நிருபராக உயர்ந்தார். ஜப்பானில் பெண்பாலாருள் முதல் நிருபர் என்று அவரைப் போற்றுவர். கணவர் ஹானி யோஷிகாஸு என்பவருடன் சேர்ந்து 1903-ஆம் வருஷம் இல்லத்தாருக்கென்றே ஒரு மாதப் பத்திரிகை தொடங்கினார். 1904-ஆம் வருஷம், இருஷியாவோடு ஜப்பான் யுத்தம் செய்துகொண்டிருந்த காலத்தில், ‘காக்கெய்போ’ என்னும் குடும்பக் கணக்குப் புத்தகத்தை வெளியிட்டார். ‘காக்கெய்போ’ என்பதற்கு வீட்டுப் பொருளியல் ஏடு என்று பொருள் கொள்ளலாம்.

அதற்கு முன்னும் உலகத்தில் வீட்டுக் கணக்கு எழுதியவர் உண்டு. ஆனால் பெரும்பாலார் எழுதியது செலவான பின் எழுதும் கணக்கு; அது போன பணத்துக்கு எழுதும் இரங்கற்பா போன்றது. ஹானி அம்மையார் வற்புறுத்தியதோ முன்னேற்பாடு. வருமானத்தைக் கண்டு, சேமிப்பை ஒதுக்கி, உணவு, உடை, வீடு, விளக்கும் விறகும், கல்வி, உறவினர் நட்பினருக்குச் செய்யும் மரியாதை, பொழுதுபோக்கு என்று வகை பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் இவ்வளவென்று முதலிலேயே வரையறுக்க வேண்டும். பின்னர் அன்றாடச் செலவை அந்த அந்த வகையில் எழுதி, வரையறுத்ததையும் செலவானதையும் அருகருகே வைத்து நோக்க வேண்டும். உணவிற்குள்ளும் சோறு, கறிவகை, உப்பு புளி போன்ற சேர்மானம் என்று உட்பிரிவு உண்டு. இதனால் மாதம் முடியும்வரை காத்திராமல் பத்தாம் தேதியிலேயே எந்த வளையில் நீர் கசிகிறதென்று தெரிந்துவிடும்.

இம்முறையில் கவனிக்கத்தக்க மற்றொன்று, பொழுதுபோக்கிற்கும் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருப்பதாகும். ஆசையை வேரோடு பிடுங்கிவிட அம்மையார் எண்ணவில்லை; அதற்கும் ஓர் அறை கொடுத்து, அறையை விட்டு வெளிவராதபடி கதவு வைத்தார். நாடகத்தைக் குறித்து ஆணையிட்டுக்கொண்ட பீப்ஸ், ஆணையைச் சுற்றிச் செல்ல வழி தேடினார்.

யாவற்றிலும் முக்கியமானது, ஏடு மனைவியின் கையில் இருந்தது என்பது. அவர் சோதிக்கப்படுகிறவர் அல்லர்; திட்டம் வகுக்கிறவர். 1908-ஆம் வருஷம் முதல் ‘புஜின் நோ தோமோ’, அதாவது மாதர் தோழி, என்னும் பெயரில் அம்மையாருடைய பத்திரிகை வெளிவரலாயிற்று. 1930-ஆம் வருஷம் அதன் வாசகர்கள் தேசமெங்கும் கிளைகளுடைய ஒரு தோழியர் சங்கமாகக் கூடினர். அவர்கள் தங்கள் வீட்டுக் கணக்குகளை ஒப்பிட்டு ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றனர். 1957-ஆம் வருஷம் அம்மையார் காலமான பின்னும் பத்திரிகையும் கணக்கேடும் சங்கமும் மறையவில்லை. இன்றும் நடைபெறுகின்றன. தனி ஒருவர் இரகசியச் சுருக்கெழுத்திற் செய்த முயற்சி அவர் ஏட்டோடு நின்றது. பலர் கூடிச் செய்த முயற்சி தலைமுறைகளைத் தாண்டியது.

நம் இல்லங்களில்

கணக்கு நமக்குப் புதிதன்று. நாள்வழி, பேரேடு, ஐந்தொகை என்னும் சொற்கள் நம்மவர் கடைகளிலும் கிட்டங்கிகளிலும் புழங்கி வந்தவை. காலணா இடித்தாலும் கண்டுபிடிக்கும்வரை விளக்கணைக்காத கணக்கப்பிள்ளைமாரைப் பற்றிப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆயினும் கடைக்கு இருந்த நாள்வழி வீட்டுக்கு இருந்ததா? கடையில் சரக்குப் பிடிக்குமுன் பத்து முறை யோசிக்கும் நாம், கலியாண வீட்டில், “ஊரார் என்ன சொல்லுவர்” என்னும் ஒரு சொல்லுக்காகத் திட்டத்தைக் கைவிட்டுக் கடன்பட்டதில்லையா? அக்கடனின் வட்டிக்காகப் பின்னர் நின்றுபோனது பெரும்பாலும் ஒரு பெண்குழந்தையின் படிப்பென்பதை நெஞ்சில் கைவைத்து மறுக்கக்கூடியவர் எத்தனை பேர்?

காலமும் முன்போலில்லை. முற்காலத்தில் பணம் முடிச்சில் இருந்தது. முடிச்சை அவிழ்க்கும் நேரமாவது யோசனைக்குக் கிடைத்தது. 2016-ஆம் வருஷம் முதல் நம் தேசத்தில் கைபேசியின் வழியாகவே கணப்பொழுதில் பணம் செலுத்தும் ஏற்பாடு வந்திருக்கிறது. கடைவீதியே படுக்கையறைக்குள் வந்துவிட்டது. தவணை முறையோ நாளைய சம்பளத்தையும் இன்றே விலைபேசுகிறது. சௌகரியத்தை நாம் குறைகூறவில்லை. யோசனைக்கு முன்பிருந்த இடைவெளியை இனி நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டுமென்றே கூறுகிறோம்.

ஆகவே, மேற்கண்ட சரித்திரத்திலிருந்து சில முறைகளை நம் குடும்பத்தார்முன் வைக்கிறோம். சம்பளமோ வியாபார வருமானமோ கைக்கு வருமுன்னரே, கணவனும் மனைவியும், வயது வந்த பிள்ளைகளும் கூடியமர்ந்து வகைவகையாகத் திட்டம் எழுதுக. சேமிப்பை முதல் வகையாக வைக்க; மீதியானதைச் சேமிப்பதென்றால் மீதி ஒருநாளும் இராது. வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும், முக்கியமாக இல்லத்தரசிக்கு, கேள்வி கேட்கப்படாத ஒரு சிறு பங்கை ஒதுக்குக. திட்டத்திலில்லாத பொருளில் மனம் சென்றால் அதன் பெயரையும் விலையையும் தேதியையும் ஏட்டில் எழுதிவைத்து, அடுத்த மாதத் திட்டத்தின்போது எடுத்துப் பார்க்க. அப்போதும் வேண்டுமென்று தோன்றினால் இடம் கொடுக்க. பல பொருள்கள் அதற்குள் தாமே மறந்துபோகும். விதி மீறினவர் யாராயினும், வீட்டுத் தலைவரேயாயினும், முன் குறித்த தண்டத்தை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுக்க. கணக்குப் பார்க்கும் நாளில் கோபத்துக்கு இடமில்லையென்பதையும் ஒரு விதியாகவே எழுதிக்கொள்க. 7 ஷில்லிங்குச் சண்டையால் பீப்ஸ் குடும்பத்துக்கு ஒரு ஷில்லிங்கும் திரும்பவில்லை.

இம்முறைகளை ஒரே குடும்பம் தனித்துச் செய்வதினும் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து செய்வது எளிது. பக்கத்து வீட்டில் கலியாணச் செலவைச் சுருக்கியிருக்கிறார்களென்றால், நம் வீட்டில் சுருக்குவதற்கு நாணம் வேண்டுவதில்லை. ஆடம்பரம் பிறரைப் பார்த்து வளர்ந்தது போலவே, சிக்கனமும் பிறரைப் பார்த்து வளரக்கூடியதே. நம் மாதர் கூட்டங்களில் இவ்விஷயத்தைப் பிரஸ்தாபித்து, விருப்பமுள்ள சில குடும்பத்தாராவது வரும் மாதம் முதல் தேதியில் ஓர் ஏட்டை எடுத்துத் தொடங்குவார்களாக. ஒரு வருஷம் கழித்து, தங்கள் வெற்றிகளோடு தோல்விகளையும் மறைக்காமல் சங்கத்தாருக்குச் சொல்லுவார்களாயின், அது மற்றக் குடும்பங்களுக்குப் பேருதவியாகும்.